பருத்திக் காட்டு அரிகாம்போதி

மெம்பிஸ் நகரைத் தாண்டி 61 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கியதும் நிலம் தட்டையாகிவிட்டது. நான் இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில், கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை பார்வையை மறிக்கும். இங்கே மறிக்க ஒன்றுமில்லை. வானம் நாலு திசையிலும் தரை வரை இறங்கி நின்றது. அவ்வளவு வானத்தை ஒரே நேரத்தில் நான் பார்த்ததில்லை.

“சின்னம்மா, இனி போற வழியெல்லாம் இப்படித்தான். பாத்துப் பாத்துக் கண்ணு களைச்சிரும், கொஞ்சம் சாஞ்சுக்கங்க” என்றான் வண்டி ஓட்டிய அக்கா மகன். அவன் மெம்பிஸில் வேலை செய்கிறான்.

நான் சாயவில்லை. ஒக்டோபர் மாதம், பருத்தி வெடித்திருந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய கறுப்பு மண் அது. அதைத்தான் டெல்டா என்கிறார்கள். சாலையின் இருபுறமும் கண்ணெட்டும் தூரம் வெள்ளை. ஆனால் காட்டில் ஆளே இல்லை. பெரிய இயந்திரமொன்று தனியாக நகர்ந்து, பஞ்சை உருளை உருளையாகச் சுருட்டி, பிளாஸ்டிக் சுற்றித் தரையில் இறக்கிவிட்டுப் போனது. கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஹொப்சன் தோட்டத்தில்தான் 1944 இல் நடவு முதல் கட்டுக் கட்டுவது வரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு போகம் எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு காயையும் மனித விரல்தான் பறித்தது. எங்கள் கொழுந்தை இன்றும் விரல்தான் கிள்ளுகிறது. இறப்பர்ப் பாலை இன்றும் கைக்கத்திதான் இறக்குகிறது. ஆட்கள் நிரம்பிய மலையிலிருந்து போன எனக்கு, ஆளற்ற அந்தக் காடு நெஞ்சை ஏதோ செய்தது.

பறித்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் பாடிய பாட்டு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பாட்டின் பெயர் புளூஸ். அதை வாசிக்கும் மவுத் ஓர்கன் ஒன்றை, அது வளர்ந்த ஊரிலேயே பார்த்து, கேட்டு, தெரிந்து வாங்க வேண்டும் என்பதற்காகவே நான் அந்தப் பயணத்தை மேற்கொண்டேன்.

ஓய்வு பெறும்வரை தோட்டப் பாடசாலைகளில் சங்கீதம் படிப்பித்தவள் நான். ஆர்மோனியத்தின் மீது நம்மவர்களுக்கு இருந்த வழக்கு எனக்குத் தெரியும். அகில இந்திய வானொலி 1940 இல் அதை நிலையத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. ஆர்மோனியத்தின் ஸ்வரம் வைத்த இடத்தில் நிற்கும், அசையாது, கமகம் பிடிக்காது என்பதுதான் குற்றச்சாட்டு. மவுத் ஓர்கனும் அதே இனம். ஒரு முனையில் தறையப்பட்டு மறுமுனை காற்றில் துடிக்கும் பித்தளை நாக்குத்தான் இரண்டிலும் ஒலிக்கிறது. சீனர்களின் ஷெங் என்ற மூங்கில் கருவியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த இந்த உத்தி, 19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்மோனியமாகவும் மவுத் ஓர்கனாகவும் பிரிந்து வளர்ந்தது.

அப்படியிருக்க, மவுத் ஓர்கன் கலைஞர் லிட்டில் வால்ட்டர் 1952 இல் பதிவு செய்த ‘ஜூக்’ என்ற வாத்திய இசையை அக்கா மகன் அனுப்பியபோது என் காதை என்னால் நம்ப முடியவில்லை. காந்தாரம் வழுக்குகிறது. நிஷாதம் அழுகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழிந்து இறங்குகிறது. உலோக நாக்கால் இதைச் செய்ய முடியுமென்றால், எப்படி என்று பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் டொக்கரி தோட்டத்துக்குப் போனோம். கிளீவ்லண்டுக்கும் ரூல்வில்லுக்கும் இடையே, 8 ஆம் இலக்கச் சாலையோரம். 1895 இல் வில் டொக்கரி என்பவர் காடு வெட்டித் தொடங்கிய பருத்தித் தோட்டம். விதைக் கிடங்கும் பஞ்சு அரைத்த ஆலையும் இன்னும் நிற்கின்றன. புளூஸ் கலைஞர் சார்லி பேட்டன் இங்கே வாழ்ந்தார்; பின்னாளில் புகழ்பெற்ற ஹவுலின் வுல்ஃப் இந்தப் பக்கத்தில்தான் அவரிடம் கற்றுக்கொண்டார். தோட்டத்துக்குச் சொந்தக் கடை, சொந்த வைத்தியர், தபாலகம், ரயில் நிறுத்தம், மயானம் எல்லாம் இருந்தன. சொந்தக் காசும் இருந்தது. அந்தக் காசு அந்தத் தோட்டத்துக் கடையில்தான் செல்லும். விதையும் மாவும் கடனாகக் கொடுத்து, வருட முடிவில் விளைச்சலில் பங்கு போட்டுக் கணக்கு முடிப்பார்கள். இந்த முறை நடந்த தோட்டங்களில் கணக்கு முடிந்த பிறகும் கடன் முடியாமல் இருப்பதே வழக்கமாக இருந்தது.

இதைப் படித்துக்கொண்டு நின்றபோது எங்கள் ‘துண்டு’ நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும் தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். 1921 இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஆள்சேர்த்த கங்காணியின் முன்பணத்தில் தொடங்கிய கடன் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு இறங்கிய கதைகள் எங்கள் சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் எந்த லயத்திலும் உண்டு. இரண்டு சரித்திரமும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். இங்கே பருத்தி பறித்த கறுப்பு மக்களின் முன்னோர் சந்தையில் விற்கப்பட்டவர்கள். அந்தக் கொடுமைக்கு ஈடு கிடையாது. ஆனால் கணக்குப் புத்தகம் தன் கையில் இல்லாத மனிதன் இரவில் எப்படிப் பாடுவான் என்பது எங்களுக்கும் தெரியும்.

ஒரு வேறுபாடு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. எங்களுக்குத் தப்பு என்ற பறை இருந்தது. மரச்சட்டமும் தோலும் இருந்தால் தோட்டத்திலேயே செய்துவிடலாம். காமன் கூத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். பருத்திக் காட்டு மனிதர்களுடைய பறையை அடிமைக் காலத்து முதலாளிகள் பல இடங்களில் தடுத்துவிட்டார்கள். செய்தி பரப்பும் கருவி என்று அவர்களுக்குப் பயம். பின்னாளில் அந்த மக்களின் கைக்கு வந்த கருவிகளில் ஒன்று, ஜேர்மனியிலிருந்து கப்பலேறி வந்த மவுத் ஓர்கன். ட்ரொஸ்ஸிங்கன் என்ற சிற்றூரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி 1857 இல் செய்யத் தொடங்கியது. 1896 இல் அவருடைய நிறுவனம் ‘மரைன் பாண்ட்’ என்ற பத்துத் துளைக் கருவியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தபால் மூலம் பொருள் விற்ற பட்டியல் புத்தகங்களில் மவுத் ஓர்கன் ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. சட்டைப் பையில் அடங்கும், சுருதி கூட்ட வேண்டாம், நடந்துகொண்டே வாசிக்கலாம். கிட்டார் வாங்க வசதியில்லாத பிள்ளை இதைத்தான் முதலில் வாங்கியது. மடி வாட்டர்ஸ் என்ற மாபெரும் கலைஞரும் அப்படித்தான் தொடங்கினார். கிட்டார் பிறகுதான் வந்தது.

அவர் வாழ்ந்த மரக்குடிசை இப்போது கிளார்க்ஸ்டேலில் டெல்டா புளூஸ் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. பழைய ரயில் சரக்குக் கொட்டகைதான் அருங்காட்சியகம். ஸ்டோவல் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவரை 1941 ஓகஸ்டில் அலன் லோமக்ஸும் ஜோன் வர்க்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்தார்கள். தன் குரலைத் தானே கேட்ட அந்தத் தொழிலாளி 1943 இல் சிக்காகோவுக்கு ரயிலேறினார். குடிசையின் மரப்பலகைச் சுவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பாட்டுக்காரர்களின் லயத்து அறைகளில் ஒன்றைக்கூட இப்படி யாரும் பெயர்த்து வைத்ததில்லை. வைக்க வேண்டும்.

கடைக்கு வருவோம். கிளார்க்ஸ்டேலில், ஹார்மோனிக்கா என்று அவர்கள் சொல்லும் மவுத் ஓர்கனை வைத்தே வயிறு வளர்க்கும் மனிதர்கள் உண்டு. நாங்கள் போன கடையில் வாத்தியங்கள் சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்தன. கடைக்காரர் வயதானவர், தானே வாசிப்பவர். இலங்கையில் தேயிலையும் இறப்பரும் உள்ள மலையிலிருந்து வருகிறேன், சங்கீத ஆசிரியையாக இருந்தேன் என்று அக்கா மகன் சொன்னதும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். விற்பதற்கு முன்னால் கருவியைத் திறந்து காட்டினார். நான்கு திருகாணிகள். மேல்தகடு கழன்றது.

உள்ளே ஒரு தோட்டத்து லயம். நடுச்சுவர் வைத்து அடுத்தடுத்துப் பத்துச் சிறு அறைகள். ஒவ்வொரு அறைக்கும் குடித்தனம் இரண்டு நாக்கு. ஒன்று ஊதும்போது பேசும், மற்றது மூச்சை இழுக்கும்போது பேசும். மொத்தம் இருபது நாக்குகள். அறைகளைப் பிரிக்கும் கட்டையைச் சீப்பு என்கிறார்கள்.

அவர் ஒவ்வொரு துளையாக வாசித்துக் காட்ட, நான் நம் ஸ்வரங்களில் எழுதிக்கொண்டு வந்தேன். ‘சி’ என்று பொறித்த கருவி. ஊதினால் எந்தத் துளையிலும் ச, க, ப மூன்று மட்டுமே திரும்பத் திரும்ப வரும். மற்ற ஸ்வரங்கள் இழுக்கும் மூச்சில். நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளை வரை சங்கராபரணம் ஒரு ஸ்தாயி குறையில்லாமல் இருக்கிறது. கீழ் மூன்று துளைகளில் மத்யமமும் தைவதமும் இல்லை. ஜேர்மானிய நாட்டுப் பாட்டுக்குச் சேர்ந்திசையாக ஊத வசதியாக அந்த இரண்டையும் விட்டுவிட்டு அமைத்திருக்கிறார்கள். இந்த அமைப்புக்கு ரிக்டர் முறை என்று பெயர்.

“இப்ப புளூஸ்” என்று சொல்லி அவர் வாயில் வைத்தபோது சங்கராபரணம் காணாமல் போயிற்று. எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைக்கிறார் என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இரண்டாம் துளை, இழுக்கும் மூச்சு. அது அந்தக் கருவியின் பஞ்சமம். அதை ஷட்ஜமாக்கிக்கொண்டு அதைச் சுற்றியே வாசிக்கிறார். கிரக பேதம்! சங்கராபரணத்தின் பஞ்சமத்தில் ஷட்ஜத்தை வைத்தால் அரிகாம்போதி. பழந்தமிழ் இசையின் செம்பாலை. என் மாணவிகளுக்குக் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டுக் காட்டிய கணக்கு, டெல்டாவின் ஒரு சின்னக் கடையில் ஒரு மனிதரின் மூச்சில் நடந்துகொண்டிருந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

அப்படி மாற்றியதும் இழுக்கும் மூச்சில் இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் துளைகள் ச, க, ப, கைசிகி நிஷாதம் என்று அமைகின்றன. பாட்டின் முக்கிய ஸ்வரங்கள் எல்லாம் உள்ளே வரும் மூச்சுக்கு வந்துவிட்டன. ஊதச் செய்த கருவியை அந்த மக்கள் இழுக்கும் கருவியாக்கினார்கள். கீழ்த் துளைகளில் இழுக்கும் மூச்சில்தான் ஸ்வரத்தை வளைக்க முடியும் என்பதுதான் அதன் சூட்சுமம். வாசிப்பவர் தன் நாக்கின் பின்பகுதியைக் கீழே இறக்கி, வாயின் உள்ளிடத்தை மாற்றி இழுத்தால், அந்த அறையிலுள்ள இரண்டு உலோக நாக்குகளும் ஒன்றையொன்று பாதித்து ஸ்வரம் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை அறையே தீர்மானிக்கிறது. மூன்றாம் துளையில் இழுத்தால் அந்தர காந்தாரம், ஊதினால் ஷட்ஜம். ஆகவே இழுக்கும் காந்தாரத்தை வளைத்து சாதாரண காந்தாரம், சதுச்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம் என மூன்று படி இறக்கலாம். பழைய ‘சி’ கணக்கில் முதல் ஸ்தாயியில் ஜேர்மானியர் விட்டுவிட்ட தைவதமும் மத்யமமும் இப்படி வளைத்த இடங்களில்தான் கிடைக்கின்றன.

புளூஸின் உயிர் அந்த மூன்றாம் துளையில் இருக்கிறது. சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே, பன்னிரண்டு ஸ்வரஸ்தானத்துக்குள் அடங்காத ஓரிடத்தில் காந்தாரத்தை நிறுத்துகிறார்கள். நிறுத்தி அசைக்கிறார்கள். ஆர்மோனியத்துக்கு இல்லாத கமகத்தை அதே உலோக நாக்கிலிருந்து மூச்சால் பிடுங்கி எடுத்த அந்த முதல் மனிதர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. ஒரு மாலைப்பொழுதில், வேலை முடிந்த களைப்பில், யாரோ ஒரு தோட்டத் தொழிலாளி. நான் அந்த ஆளை வணங்குகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் நீண்ட 24 துளை மவுத் ஓர்கனில் இது நடக்காது. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சற்றே சுருதி விலகிய இரண்டு நாக்குகள் சேர்ந்து ஒலித்து ஒரு நடுக்கத்தைத் தரும். என் மாமா அதில்தான் சினிமாப் பாட்டு வாசித்தார். கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் ஊது நாக்கும் இழு நாக்கும் அதில் ஒரே அறையில் இல்லை; வளைக்கத் துணையில்லை. பக்கத்தில் பொத்தான் வைத்த குரோமாட்டிக் வகையில் பன்னிரண்டு ஸ்வரங்களும் உண்டு. இந்திப் படப் பாட்டுகளில் ராகுல் தேவ் பர்மன் போன்றவர்கள் வாசித்த மவுத் ஓர்கன் இசையை ரசித்தவர்கள் அதைத் தேடுவார்கள். லிட்டில் வால்ட்டரும் சில பாட்டுகளுக்கு அதை எடுத்தார். ஆனால் புளூஸ் கற்க அது முதல் கருவி ஆகாது. விலையும் மிக அதிகம்.

எந்தச் சுருதி வாங்குவது? பத்துத் துளைக் கருவி பன்னிரண்டு சுருதியிலும் தனித்தனியாக வருகிறது. சாதாரண வரிசையில் ‘ஜி’ தான் மிகத் தாழ்ந்தது, எஃப் ஷார்ப் மிக உயர்ந்தது. தாழ்ந்தவற்றின் நாக்கு நீளம். பேச நேரமெடுக்கும், வளைக்க நிதானம் வேண்டும். உயர்ந்தவை சட்டென்று பேசும், ஆனால் தொடக்கக்காரருக்கு வளைக்க அடங்காது. கிட்டார்காரர்கள் பெரும்பாலும் ‘இ’, ‘ஏ’, ‘ஜி’ சுருதிகளில் வாசிப்பதால் அவர்களோடு சேர ‘ஏ’, ‘டி’, ‘சி’ கருவிகள் வேண்டும் என்றார் கடைக்காரர். கணக்கு எளிது: பாட்டின் ஷட்ஜத்துக்கு எது மத்யமமோ அந்தச் சுருதிக் கருவியை எடுத்தால் அரிகாம்போதி அமைந்துவிடும். நான் ஐந்து கட்டையில் பாடுகிறவள். ஐந்து கட்டை என்பது ‘ஜி’. அதன் மத்யமம் ‘சி’. ஆக, தொடக்கக்காரர் எல்லோருக்கும் சொல்லப்படும் ‘சி’ கருவியே என் குரலுக்கும் பொருந்தியது. ஒரு கட்டையில் பாடும் ஆண்களுக்கு ‘எஃப்’ வேண்டும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் வாங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போவது நல்லது.

பிறகு சீப்பு. மரைன் பாண்டின் சீப்பு பேரிக்காய் மரம். அதன் ஒலியில் ஒரு சூடு உண்டு. பழைய ஒலித்தட்டுகளில் கேட்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் அதை ஆணியடித்து மூடியிருப்பார்கள்; திறந்து சுத்தம் செய்வது சிரமம். ஈரம் பட்டால் மரம் ஊதி, பல் வெளியே நீண்டு உதட்டைக் கீறும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. துவைத்த துணி நாட்கணக்கில் காயாத ஊர். அங்கே மரச்சீப்பு வேண்டாம் என்பது என் முடிவு. அதே நிறுவனத்தின் ஸ்பெஷல் 20, பிளாஸ்டிக் சீப்பும் திருகாணியும் கொண்டது. மரத்தில் ஈரம் ஏறாதபடி பூச்சுப் பூசித் திருகாணி போட்ட உயர்ரக மரைன் பாண்டுகளும் உண்டு. லீ ஒஸ்கார் என்ற டென்மார்க் கலைஞரின் பெயரில் ஜப்பானின் டொம்போ நிறுவனம் செய்யும் கருவியில், நாக்கு கெட்டால் நாக்குத் தகட்டை மட்டும் வாங்கி மாற்றலாம். 1847 இல் தொடங்கிய ஸைடல் நிறுவனம் எஃகு நாக்கு வைத்துச் செய்கிறது. நெடுநாள் உழைக்கும், விலை கூடுதல்.

இவற்றையெல்லாம் கடைக்காரர் ஒரு கைத்துருத்தியில் வைத்து அழுத்தி ஒலிக்கவிட்டார். வாயில் வைக்கும் பொருளை வாங்காமல் ஊதிப் பார்க்க விடமாட்டார்கள். விற்றால் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அது சரியான ஏற்பாடு. துருத்தியில் இருபது நாக்கும் தாமதமில்லாமல் பேசுகின்றனவா, மெல்லிய காற்றுக்கும் எழும்புகின்றனவா, ஏதாவது ஒன்று கரகரக்கிறதா என்று கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய் இரண்டாம் துளையை இழுத்தால் சத்தம் அடைத்தது போல வரும், அதற்காகக் கருவியைக் குறை சொல்லாதே என்றும் எச்சரித்தார். புதியவர்கள் வாயை இறுக்குவதால் தெரியாமலே அந்த ஸ்வரம் வளைந்துவிடுகிறது. வாயைத் தளர்த்தி ஆழமாக மூச்செடுத்தால் தானாகத் திறந்துகொள்ளும்.

பெண்கள் இதை வாசிப்பார்களா என்று கேட்டேன். சுவரில் இருந்த பிக் மாமா தோர்ண்டனின் படத்தைக் காட்டினார். அலபாமாவில் பிறந்து, மேடையை ஆளும் குரலோடு பாடி, ஹார்மோனிக்காவும் வாசித்த பெண்மணி. நான் ஸ்பெஷல் 20 ஒன்றைச் ‘சி’ சுருதியில் வாங்கினேன்.

அடுத்து ஆற்றைக் கடந்து ஆர்கன்சஸ் மாநிலத்தின் ஹெலினாவுக்குப் போனோம். மிசிசிப்பியின் அகலத்தைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது எங்கள் களுகங்கை ஒரு ஓடையாகத் தோன்றியது. ஆனால் பொங்கினால் இரண்டும் ஒன்றுதான்: 1927 இல் மிசிசிப்பி கரை உடைத்து டெல்டாவை மூழ்கடித்தது, 2003 மே மாதத்தில் களுகங்கை இரத்தினபுரியை என்ன செய்தது என்பதை நாங்கள் பார்த்தோம். ஹெலினாவின் கேஎஃப்எஃப்ஏ வானொலியில் 1941 நவம்பரில் ‘கிங் பிஸ்கட் டைம்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு மா வகைக்கான விளம்பர நிகழ்ச்சி. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, 12.15 க்கு ஒலிபரப்பினார்கள். வாசித்தவர் இரண்டாம் சொனி போய் வில்லியம்சன். ரைஸ் மில்லர் என்பது அவருக்கு இன்னொரு பெயர். அவருடைய ஹார்மோனிக்காவைக் கேட்கப் பருத்திக் காட்டில் களைக்கொத்தும் கோணியும் கீழே வைக்கப்பட்டன. டெல்டாவின் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த வானொலியைக் கேட்டுத்தான் வாசிக்கக் கற்றார்கள்.

1986 முதல் ஹெலினாவில் ஒக்டோபர் மாதம் புளூஸ் விழா நடக்கிறது. வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரைதான் பார்வையாளர்களின் இருக்கை. அந்தப் புல்சரிவில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளைஞர் கையில் ஹார்மோனிக்காவை மூடிப் பிடித்து ரயில் புறப்படுவதை வாசித்தார். நீராவி சீறுகிறது, சக்கரம் மெல்ல உருள்கிறது, வேகம் பிடிக்கிறது, ஊதல் தூரத்தில் தேய்கிறது. ஹார்மோனிக்காக் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1927 இலேயே இப்படி ஒரு ரயிலை ஒலித்தட்டில் ஓட்டியிருக்கிறார். ரயில் ஏன் இவர்களுக்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்கத் தேவையில்லை. 1910 களிலிருந்து 1970 வரை சுமார் அறுபது லட்சம் கறுப்பு மக்கள் தெற்கை விட்டு வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். டெல்டாக்காரர்கள் சிக்காகோவுக்குப் போன வழி ரயில்தான்.

எங்கள் களனிப் பள்ளத்தாக்குச் சின்னப் பாதை ரயில் 1912 இல் இரத்தினபுரிக்கு வந்தது. பிறகு ஓப்பநாயக்க வரை நீண்டது. அவிசாவளைக்கு அப்பால் 1976 இல் அது நின்றுபோயிற்று. ஆனால் எங்கள் மக்களின் பயணம் நிற்கவில்லை. 1948 இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் கையெழுத்திட்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானல் பக்கத்துக்கும் போனார்கள். 1977 இலும் 1981 ஓகஸ்டிலும் சப்ரகமுவத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது பல குடும்பங்கள் வடக்கே வன்னிக்குப் போயின. எங்கள் தோட்டத்து நாடகக்காரர்களின் ஆர்மோனியம் அந்த ஓகஸ்டில் எரிந்தது. அக்கா மகனுக்கு இதெல்லாம் கேட்ட கதை. மேடையில் ரயில் தேய்ந்து முடிந்ததும் “சின்னம்மா, அழுவுறீங்களா?” என்றான். அழுதேன்தான்.

திரும்பும் வழியில் டட்வைலர் என்ற குக்கிராமத்தின் வெளியே சொனி போயின் சமாதிக்குப் போனோம். 1965 மே மாதம் ஹெலினாவில் காலமானவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அவருடைய பாட்டுகளை முதலில் ஒலித்தட்டாக்கிய ட்ரம்பெட் நிறுவனத்தின் லிலியன் மக்மரி நட்ட கல் இருக்கிறது. அதன் மேலே துருப்பிடித்த ஹார்மோனிக்காக்கள். உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. என்னுடையதை நான் வைக்கவில்லை. அதற்கு ஊரில் வேலை இருக்கிறது.

ஊரில் இப்போது நான் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். சங்கராபரணத்தை ஊதி, அதே பெட்டியில் மூச்சை மாற்றி அரிகாம்போதிக்குப் போகும்போது கிரக பேதம் அவர்களுக்கு ஒரு நொடியில் விளங்குகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்றாம் துளையை வளைத்துவிட்டது. வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் காந்தாரம் அந்நியமில்லை.

விலை ஒரு தடைதான். நான் வாங்கியது ஐம்பது டாலருக்கு மேல். நம் காசில் அது அப்போது 15,000 ரூபாவைத் தாண்டியது. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு தொழிலாளியின் பத்து நாள் சம்பளத்துக்கும் கூடுதல். இப்போது சீனாவின் ஈஸ்ட்டொப் போன்ற நிறுவனங்கள் இதைவிடக் குறைந்த விலையில் பத்துத் துளைக் கருவிகளைச் செய்கின்றன. கற்கத் தாராளமாகப் போதும். வாயில் வைப்பது என்பதால் ஒரு கருவியைப் பல பிள்ளைகள் பகிரக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். இனிப்புத் தேநீர் குடித்த வாயோடு வாசிக்கக்கூடாது. வாசித்து முடித்ததும் உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றி, காற்றாட வைத்துப் பிறகே பெட்டியில் போட வேண்டும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்று கேட்கிறார்கள். நீங்கள் படித்த பாடசாலையின் சங்கீத அறைக்கு இதைக் கொண்டுவாருங்கள். நீளமான 24 துளை வேண்டாம். பத்துத் துளை, பிளாஸ்டிக் சீப்பு, திருகாணி போட்டது, மேலே ‘சி’ என்று பொறித்திருக்க வேண்டும்.